காலிழந்த வீரரும் நம் பேராக் மலைகளும்

இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலேயே இழந்த ஒரு மனிதர், 2023ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் தேதி பிற்பகலில், 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் போய் நின்றார் என்ற செய்தியைப் படித்தபோது, அதை ஒரு சாகசச் செய்தியாக மட்டும் எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட என் மனம் இசையவில்லை. ஹரி புத்த மகர் என்பது அவர் பெயர். நேபாளத்து மலைக்கிராமம் ஒன்றில் பிறந்து, பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்காப் படையில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானத்துப் புழுதியில் கால்களைப் பறிகொடுத்த அவருக்கும், ஈப்போவில் உட்கார்ந்து இதை எழுதும் எனக்கும், இதைப் படிக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றலாம். சம்பந்தம் உண்டு. அவர் பணியாற்றிய ராயல் கூர்க்கா ரைஃபிள்ஸ் என்ற படைப்பிரிவு, 1994ஆம் ஆண்டில் நான்கு பழைய கூர்க்கா ரெஜிமெண்டுகளை ஒன்றாக்கி உருவாக்கப்பட்டது. அந்த நான்கும்தாம் 1948 முதல் 1960 வரையில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் மலாயாவில் அவசரகாலம் நிலவிய பன்னிரண்டு ஆண்டுகளும் நம்முடைய காடுகளிலும், ரப்பர்த் தோட்டத்து எல்லைகளிலும், மழையென்றும் அட்டையென்றும் பாராமல் காவல் நடை நடந்தவை. நம் தாத்தாக்களும் பாட்டிகளும் அதிகாலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போகும் வழியில், துப்பாக்கி தோளிலேறிய அந்தக் குள்ளமான மனிதர்களைக் கண்டிருக்கிறார்கள். அவர்களுடைய வழித்தோன்றல் ஒருவர் இன்று உலகத்துக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல முற்பட்டிருக்கிறார். அதைப் பேராக்கில் இருக்கும் நாம் சற்று நிதானமாகக் காது கொடுத்துக் கேட்பது உசிதம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மகர் 1979இல், ரோல்பா மாவட்டத்திலுள்ள மிருல் என்ற ஊரில் பிறந்தவர். காலில் செருப்பின்றி மலைப்பாதையில் நடந்து பள்ளிக்கூடம் போனவர். பதினோராவது வயதிலேயே ஊர் வழக்கப்படி கலியாணம் செய்து வைக்கப்பட்டவர். பத்தொன்பதாவது வயதில் கூர்க்காப் படைக்குத் தேர்வானவர். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, ஆப்கானிஸ்தானத்தில் ரோந்து சென்றபோது மண்ணில் புதைத்து வைத்திருந்த குண்டின்மேல் அவர் கால் பட்டது. கண் விழித்தபோது இரண்டு கால்களும் இல்லை. தன் வாழ்க்கை அந்த இடத்திலேயே முடிந்துபோயிற்று என்றே அவர் நினைத்தாராம். தான் வளர்ந்த ஊரில் அங்கஹீனர்களைப் பூர்வஜன்ம பாபத்தின் பலனை அனுபவிப்பவர்களாகவும், பூமிக்குப் பாரமானவர்களாகவும்தான் ஜனங்கள் பார்த்தார்கள் என்றும், அந்தப் பார்வையே தன் மனத்திலும் ஊறியிருந்தது என்றும் அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பிறரைப் பற்றி அவ்விதம் எண்ணிப் பழகிய ஒருவன், ஒருநாள் தானே அந்த நிலைக்கு ஆளாகும்போது, தன்னைத் தானே எப்படி மன்னிக்க முடியும்? சரீரத்தின் வலியையும் மனத்தின் வலியையும் ஒருங்கே அடக்குவதற்கு அவர் மதுவை நாடினார். கால்களைப் பறித்தது வெடிகுண்டு. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் உயிரையே பறிக்கப் பார்த்தது மனச்சோர்வு.

அதிலிருந்து அவரை மீட்டது, வியக்கத்தக்க ஒரே நிகழ்ச்சியன்று; சிறிது சிறிதாக வெளியே வந்ததுதான். ஆகாய விமானத்திலிருந்து குதித்துப் பார்த்தார், பனியில் சறுக்கினார், படகு வலித்தார். ஒவ்வொன்றைச் செய்து முடித்தபோதும், தன்னால் முடியாதென்று தான் தீர்மானித்து வைத்திருந்த பட்டியலிலிருந்து ஓர் இனம் கழிந்துகொண்டே வந்தது. 2017இல் 6,476 மீட்டர் உயரமான மேரா சிகரத்தில் ஏறினார். அடுத்து எவரெஸ்ட்தான் என்று சங்கற்பம் செய்துகொண்டிருந்த சமயத்தில், அவ்வாண்டு டிசம்பரில், நேபாள அரசாங்கம் ஒரு விதியைக் கொண்டு வந்தது: இரண்டு கால்களையும் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் மலையேற அனுமதி பெற இயலாது என்பது அந்த விதி. விபத்துகளைக் குறைப்பதற்காக என்று காரணம் கூறப்பட்டது. ஒருவனுடைய சாமர்த்தியத்தையும் பயிற்சியையும் பரிசோதித்துப் பாராமல், அவன் சரீரத்தின் லட்சணத்தை மாத்திரம் கண்டு வாசலை அடைப்பது நியாயமா என்ற கேள்வி நீதிமன்றம் சென்றது. 2018 மார்ச்சில் நேபாள உச்ச நீதிமன்றம் அந்த விதிக்குத் தடை விதித்தது. அந்த உத்தரவு வந்த சில வாரங்களில், 1975ஆம் ஆண்டு எவரெஸ்டில் தன் படுக்கைப் பையை உடன் வந்த நண்பருக்குக் கொடுத்துவிட்டுக் கடுங்குளிரில் தன் பாதங்களை இழந்த சீன நாட்டு ஸியா போயு என்ற முதியவர், தமது அறுபத்தொன்பதாவது வயதில் அதே சிகரத்தின் உச்சியை அடைந்தார். விதி நிலைத்திருந்தால் அந்த மனிதரும் அடிவாரத்திலேயே நின்றிருப்பார்.

ஸியா போயுவைப் போல முழங்காலுக்குக் கீழே இழப்பதற்கும், மகரைப் போல மேலே இழப்பதற்கும் உள்ள வேற்றுமையை அனுபவமுள்ளவர்களே நன்கு அறிவார்கள். நாம் ஒரு படி ஏறும்போது சரீரத்தின் பாரத்தை மேலே தூக்கிக் கொடுப்பது முழங்காலின் மடக்கும் நீட்டும்; அது இல்லாதவருக்கு அந்த உழைப்பு முழுவதும் இடுப்பின்மீதும் முதுகின்மீதும் கைகளின்மீதும் விழுகிறது. மகர் குட்டையான செயற்கைக் கால்களைப் பொருத்தி, அவற்றின் அடியில் பனியைப் பற்றும் இரும்பு முட்களை மாட்டிக்கொண்டு, மற்றவர்களைவிடப் பல மடங்கு மெதுவாக, செங்குத்தான இடங்களில் தவழ்ந்தும் ஏறினார். முன்னாள் கூர்க்கா வீரரான கிரிஷ் தாபா என்பவர் தலைமையில் ஷெர்ப்பாக்கள் உடன் சென்றார்கள். கால்களை இழந்து சரியாகப் பதின்மூன்று ஆண்டுகள் நிறைந்த ஏப்ரல் 17ஆம் தேதியே பயணம் தொடங்கிய நாளாகவும் அமைந்தது. முழங்காலுக்கு மேல் இரு கால்களும் இல்லாத ஒருவர் எவரெஸ்டில் ஏறியது அதுவே முதல் தடவை. அங்கஹீனத்தைப் பற்றிய உலகத்தின் அபிப்பிராயத்தை மாற்றுவதே தம் நோக்கம் என்று அவர் அறிவித்திருந்தார். அன்று முதல் மலையேற்றத்தைப் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் மனச்சோர்வைப் பற்றியும் மதுவைப் பற்றியும் ஒளிக்காமல் பேசி வருகிறார்.

முடங்கிய சரீரத்தோடு மீண்டும் வெளியே வரும் இந்த வழியில் முதலில் நடந்தவர் அவரல்லர். 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி, லண்டனில் ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கிய அதே தினத்தில், இங்கிலாந்திலுள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் புல்வெளியில், டாக்டர் லுட்விக் குட்மன் என்பவர் முதுகுத்தண்டு முறிந்த பதினாறு படைவீரர்களைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி அம்பு எய்யச் செய்தார். முதுகுத்தண்டு முறிந்தவர் படுக்கையிலேயே கிடந்து மரிக்க வேண்டியவர் என்று வைத்தியர்களே கைவிட்டிருந்த காலம் அது. அந்தப் புல்வெளிப் போட்டிதான் வளர்ந்து பாராலிம்பிக் ஆயிற்று. 1965ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் யுத்தத்தில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த முரளிகாந்த் பேட்கர் என்ற இந்தியச் சிப்பாய், சிகிச்சைக்கென்று நீச்சல் பழகி, 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். இந்திய ராணுவத்தின் சிறப்புப் படையில் பணியாற்றிப் பாராசூட் பயிற்சியில் காயமுற்று ஓய்வு பெற்ற மேஜர் விவேக் ஜேக்கப், நிலம், வானம், நீர் மூன்றிலும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சாகசப் பயிற்சி அளிக்கும் ஸ்தாபனம் ஒன்றை உண்டாக்கினார். 2021 செப்டம்பரில், அந்த ஸ்தாபனத்தின் முயற்சியால், கால் இழந்தவர்களும் கண் பார்வை இல்லாதவர்களும் அடங்கிய எட்டுப் பேர், ராணுவத்தின் ஒத்தாசையோடு, உலகத்திலேயே உயரமான போர்க்களமென்று சொல்லப்படும் சியாச்சின் பனிப்பாறையில் 15,632 அடி உயரத்திலுள்ள குமார் காவல் நிலையம் வரையில் நடந்து சென்றார்கள்.

நம் தமிழ் மண்ணிலும் ஒருவர் இருக்கிறார். தென்காசிக்கு அருகே ஆய்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வுக்குப் பெங்களூர் சென்று, உடற்பயிற்சிச் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலற்றுப் போனார். படைவீரராக வேண்டியவர், படையின் வாசற்படியிலேயே விழுந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். அவர் 1981இல் ஆய்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கத்துக்கு, தமக்குச் சிகிச்சையளித்த விமானப்படை வைத்தியர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே நன்றியறிதலாகச் சூட்டினார். அந்தச் சங்கத்தால் எழுந்து உட்கார்ந்த குழந்தைகளும், பள்ளிக்கூடம் போன குழந்தைகளும் ஏராளம். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இவர்கள் எல்லோருடைய சரித்திரத்திலும் ஒரே உண்மையைக் காண்கிறேன்: முறிந்த சரீரத்துக்கு மருந்தும் செயற்கை அங்கமும் உதவுகின்றன, ஆனால் உடன் முறிந்துபோன மனம் எழுவதற்கு, செய்வதற்கு ஒரு காரியமும், சேர்ந்து செய்வதற்குச் சிலரும், அதைச் செய்ய ஒரு வெளியும் வேண்டியிருக்கிறது.

இனிப் பேராக்கிற்கு வருகிறேன். ஸ்டோக் மாண்டவிலில் அந்தப் பதினாறு பேர் அம்பெய்ததற்கு ஆறு வாரங்களுக்கு முன், 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அங்கிருந்துதான் தொடங்கியது. பின்னர், காட்டிலிருந்த கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவி போகாமல் தடுக்கும் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஜனங்கள் இடம் மாற்றப்பட்டார்கள். தோட்டத்து லயங்களைச் சுற்றிலும் முள்கம்பி வேலி எழுந்தது. நம்மவர்களும் விசேஷக் காவலர்களாகத் துப்பாக்கி ஏந்தினார்கள். அதற்கும் சில ஆண்டுகள் முன்னர்தான், 1942க்கும் 1943க்கும் இடையே, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதைக்கு, இதே தோட்டங்களிலிருந்து ஆண்கள் லாரிகளில் ஏற்றப்பட்டிருந்தார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் ஆயிரமாயிரம். திரும்பியவர்களோ, தாம் கண்டதைப் பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல், மறுவாரமே உளியும் வாளியுமாகப் பால் வெட்டப் போய்விட்டார்கள். அவசரகாலம் 1960இல் முடிந்தது. 1968இல் மீண்டும் தொடங்கிய கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் 1989 டிசம்பரில் ஹட்யாய் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரையில் ஓயவில்லை. அந்த ஆண்டுகளில் மத்திய மலைத்தொடரிலும் தாய்லாந்து எல்லையிலும், புதைத்து வைத்த வெடிகளில் கால் வைத்து முடமான ராணுவத்தினரும் போலீஸ்காரர்களும் எல்லா இனத்திலும் உண்டு.

அவர்களில் ஒருவர் எங்கள் தோட்டத்தில், எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் ஆர்மி மாமா. ஒரு கால் கணுக்காலுக்கு மேல் இல்லை. காலையில் திண்ணையில் கொண்டு வந்து உட்காரவைப்பார்கள். ரேடியோவும் சுருட்டும் துணை. சாயங்காலம் ஆனால் கள்ளுக்கடையிலிருந்து யாராவது வாங்கி வருவார்கள். நாங்கள் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது, "மாமா, வர்றீங்களா? நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்று பிள்ளைகளில் எவனாவது கேட்பான். "எனக்கெதுக்குடா இனி ஆறும் மலையும்? போங்க, போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ராத்திரியில் சில சமயம் அவர் உரக்கக் கத்துவது லயம் முழுவதும் கேட்கும். காத்து கருப்பு பிடித்திருக்கிறது என்று முனியாண்டி கோயிலில் பூசை போட்டார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அன்பில் குறையொன்றுமில்லை. யுத்தத்திலிருந்து வந்தவனுக்கு அந்த யுத்தம் சொப்பனத்தில் திரும்பத் திரும்ப நிகழும் என்பதையும், அதற்கு வைத்தியம் உண்டு என்பதையும் சொல்லத்தான் அந்தத் தோட்டத்தில் ஒருவரும் இல்லை.

உலகமே அதைத் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. முதல் உலக யுத்தத்தில் பீரங்கி முழக்கத்தில் நடுங்கிப் போன சிப்பாய்களை 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற வைத்தியர் பரிசோதித்து எழுதினார். ஆனாலும் அவர்களில் பலர் கோழைகள் என்றே பழிக்கப்பட்டார்கள். அதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மனநோய்க்கு அமெரிக்க மனநல வைத்தியர்களின் அதிகாரபூர்வமான நோய்ப்பட்டியலில் இடம் கிடைத்தது 1980இல்தான். நம்முடைய பேராக்கிலோ, மனநோய் என்றவுடன் வாயில் வரும் பெயர் தஞ்சோங் ரம்புத்தான். 1911ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட மருத்துவமனை, இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்ற பெயரோடு, நூற்றாண்டைக் கடந்து எத்தனையோ குடும்பங்களுக்குப் புகலிடமாக இருந்து வருகிறது. அந்த ஊரின் பெயரை நாம் பரிகாசச் சொல்லாக்கி, "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று சிரித்துப் பழகிவிட்டோம். அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்த ஒரு பையன், தன் மனம் குலையும்போது யாரிடம் போய் வாய் திறப்பான்? ஒரு மருத்துவமனையின் பெயரே வசையாகிவிட்ட ஊரில், நோயாளி நோயை மறைப்பதையே தர்மமாகக் கொள்கிறான். மறைத்த நோய் மதுவாகவும் சண்டையாகவும் வெளியே வருகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, இந்த மௌனம் ஜனங்களோடு கூடவே நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தது. லயத்தில் இருந்தவரை திண்ணையாவது இருந்தது. நாலு பேர் முகமாவது தெரிந்தது. விபத்தில் கால் போனவரும், சர்க்கரை வியாதியில் பாதம் எடுக்கப்பட்டவரும், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவரும், மின்தூக்கி அடிக்கடி பழுதாகும் மாடி வீட்டில் அடைபட்டுக் கிடப்பதை இன்று கண்கூடாகக் காண்கிறோம். யுத்தத்துக்குப் போகாதவர்களும் யுத்தத்தில் முடமானவர்களின் கதியை அடைந்திருக்கிறார்கள் என்பதனால்தான், மகர் என்ற ஒரு கூர்க்கா வீரரின் விஷயம் இந்த ஊர்த் தமிழர்களுக்கு அத்தியாவசியமான விஷயமென்று வற்புறுத்துகிறேன்.

மலை என்பது தமிழனுக்கு அந்நியமன்று. குறிஞ்சியை நிலங்களில் முதன்மையாக வைத்து, அதற்குத் தெய்வமாக முருகனையும் வைத்த ஜாதி நாம். கடல் கடந்து வந்த பின்பும் பத்துமலையையும் ஈப்போ கல்லுமலையையும் கண்டுபிடித்து வேலை நட்டவர்கள். ஆனால் பத்துமலையின் 272 படிகளுக்குக் கீழே, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி மேலே பார்த்துக் கையெடுத்துவிட்டுத் திரும்பும் பக்தர்கள் தைப்பூசந்தோறும் இருக்கிறார்கள். பழனியில் யானைப்பாதையும் படிப்பாதையும் இருக்க, இழுவை ரயிலும் ரோப் காரும் அமைத்தார்களே, அதனால் பழனியாண்டவரின் மகிமை ஒரு துளியாவது குறைந்ததா? நடக்க முடிந்தவர் நடந்து ஏறுகிறார். முடியாதவர் அமர்ந்து ஏறுகிறார். இருவருக்கும் கிட்டும் தரிசனம் ஒன்றே. கோயில் மலைக்கு நாம் ஒப்புக்கொண்ட இந்த நியாயத்தைக் காட்டு மலைக்கும், ஆற்றுக்கும், குகைக்கும் ஏன் ஒப்புக்கொள்ளலாகாது?

பேராக்கில் இதற்கு என்னென்ன வசதிகள் இயற்கையாகவே அமைந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிறேன். ஈப்போ நகரத்தின் மத்தியில், நம்மவரான டி.ஆர். சீனிவாசகம் அவர்களின் பெயரைத் தாங்கிய பூங்கா இருக்கிறது, சமதளம், நிழல்மரங்கள். குனோங் லாங்கில் படகேறிச் சென்று சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தைக் காணலாம். 808 மீட்டர் உயரமுள்ள கிளேடாங் மலையில் உச்சிக் கோபுரம் வரையில் தார்ச்சாலை போகிறது. சரிவு அதிகமாயினும், கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியும் பின்னாலிருந்து தாங்க இரண்டு பேரும் இருந்தால் அதில் ஒரு பாகமாவது ஏற இயலும். பத்து காஜா பக்கத்தில் ஈயலம்பங்கள் என்ற பழைய சுரங்கக் குழிகள் நீர் நிரம்பிப் பறவைகள் கூடும் ஏரிகளாகிவிட்டன. அலையற்ற அந்த நீரில் படகு வலிக்கக் கால்கள் அவசியமில்லை. இவை யாவற்றையும்விட என் மனத்தைக் கவர்வன பழைய ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் சாலைகள். பால் ஏற்றிய லாரி தளும்பாமல் போகவேண்டுமென்று, குன்றைச் சுற்றிச் சுற்றி, மெல்லிய சரிவில், நம் முன்னோர்களின் மண்வெட்டியால் வெட்டப்பட்ட பாதைகள் அவை. சக்கர நாற்காலிக்கு வேண்டியதும் அதே மெல்லிய சரிவுதான். பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடி உயர்வு என்பதே சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அந்தச் சாலைகளில் சிலவற்றையேனும் நிலவுடைமையாளர்களின் சம்மதத்தோடு செப்பனிட்டு, குழிகளை நிரப்பி, பால மரங்களைச் சீர்செய்து, வழியில் இளைப்பாறக் கொட்டகையும் சக்கர நாற்காலி நுழையும் கழிவறையும் அமைத்தால், சரித்திரமும் இயற்கையும் ஒன்றுசேர்ந்த ஒரு நடைபாதை நமக்குக் கிடைக்கும்.

கரடுமுரடான இடங்களுக்கும் உபாயம் இருக்கிறது. 1987இல் பிரான்சு தேசத்தில் ஜோயெல் கிளோடெல் என்பவர், தசைநோயுற்ற தம் உறவுக்காரப் பையனை மலைக்கு அழைத்துப் போவதற்கென்று, ஒற்றைச் சக்கரமும் முன்னும் பின்னும் நீண்ட கைப்பிடிகளும் உள்ள ஒரு நாற்காலியைச் செய்தார். ஜோயலெட் என்று பெயர் பெற்ற அதில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருவரைக் காட்டுப் பாதையிலும் கொண்டு செல்கிறார்கள். கோயில் பல்லக்கைத் தூக்கித் தழும்பேறிய தோள்கள் நம்மிடம் இருக்கையில், அத்தகைய நாற்காலிக்குத் தோள் கொடுக்க ஈப்போவில் ஆளில்லாமற் போகாது.

சட்டமும் நமக்கு அனுகூலமாகவே இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது வசதிகளிலும், பண்பாட்டு வாழ்விலும், பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் அவர்களுக்குள்ள உரிமையைச் சொல்கிறது. 2010இல் மலேசியா ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் ஏற்றுக்கொண்டது. கட்டடங்களில் சாய்தளமும் கைப்பிடியும் எப்படி அமையவேண்டும் என்று எம்.எஸ். 1184 என்ற தேசியத் தரவிதி விவரிக்கிறது. ஆனால் தாளில் உள்ள உரிமை தரையில் இறங்குவதற்குள், நடுவில் ஒரு படிக்கட்டு வந்து நின்றுவிடுகிறது. சக்கர நாற்காலியில் வரும் என் சிநேகிதர் ஒருவரோடு இந்த மாநிலத்துப் பூங்கா ஒன்றுக்குச் சென்றிருந்தேன். சாய்தளம் இருந்தது, அழகான மஞ்சள் வர்ணமும் பூசியிருந்தது, அதன் மேல்முனையில், மோட்டார் சைக்கிள்கள் நுழையாதிருக்க இரும்புக் கம்பிகளை நட்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் நுழையாத இடைவெளியில் அவருடைய நாற்காலியும் நுழையவில்லை. கட்டியவர்களில் எவருக்கும் கெட்ட எண்ணம் இருந்திராது. நாற்காலியில் இருப்பவர் ஒருவரை அழைத்து, "வந்து பாருங்கள், சரியாக இருக்கிறதா?" என்று கேட்டிருந்தால் அந்தக் கம்பிகள் அங்கே நின்றிருக்க மாட்டா.

சென்னையின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். 2022 நவம்பரில் மெரினாக் கடற்கரையில், மணலின்மேல் மரப்பலகைகள் பதித்து, சக்கர நாற்காலியில் கடலோரம் வரையில் செல்லப் பாதை திறந்தார்கள். கடற்கரையிலிருந்து சில மைல்களுக்குள் ஆயுள் முழுவதும் வசித்தும் அலையை அருகில் பாராதவர்கள், அன்றுதான் அலையைத் தொட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அந்தப் பாதையின் ஒரு பகுதி சேதமடைந்தது. அப்புறம் அதைச் சீர்செய்தார்கள். திறப்பு விழாவோடு காரியம் முடிவதில்லை, பராமரிப்பே பெரிய தர்மம் என்பதை அந்தப் புயல் எடுத்துக்காட்டியது. நம் ஊர் மழைக்கும் செம்மண்ணுக்கும் இது இன்னும் பொருந்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எவரெஸ்டில் ஏறிய ஒருவரைக் காட்டி, "அவராலே முடிந்தது, உன்னாலே ஏன் முடியவில்லை?" என்று வீட்டில் முடங்கிக் கிடப்பவரைக் கேட்பதைவிடக் கொடுமை வேறில்லை. மகருக்குப் பின்னால் படைத்துறையின் சிகிச்சை இருந்தது, நல்ல செயற்கைக் கால்கள் இருந்தன, ஷெர்ப்பாக்கள் இருந்தார்கள், பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவருடைய சங்கற்பத்தை வணங்குகிறேன். அந்தச் சங்கற்பத்தைச் சுற்றியிருந்த ஏற்பாடுகளை நம் ஊரில் உண்டாக்குவதே அவரை மெய்யாகக் கௌரவிப்பதாகும். அதுபோலவே, மலையும் ஆறும் வைத்தியருக்கும் மருந்துக்கும் பதிலாகா. மனச்சோர்வு என்பது நோய். சர்க்கரை வியாதிக்கு மருந்துண்பதில் எவ்வளவு வெட்கமோ, அவ்வளவு வெட்கமே இதற்கு மருந்துண்பதிலும் இருக்கலாம். அதாவது, சிறிதும் வேண்டியதில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கும் பழைய சட்டப்பிரிவை நம் நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. சட்டமே கையை விலக்கிக்கொண்ட பிறகு, சுற்றத்தார் மட்டும் விரல் நீட்டிக்கொண்டிருப்பது தகாது. அங்கம் இழந்தவர்களுக்கும் பக்கவாதத்தில் விழுந்தவர்களுக்கும் மறுவாழ்வுப் பயிற்சி அளிக்க ஈப்போவின் மேரு ராயாவிலேயே, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ ஒரு பெரிய நிலையத்தை அமைத்திருக்கிறது. அங்கே நடை பழகியவர் வீடு திரும்பிய பிறகு அந்த நடையைக்கொண்டு எங்கே போவார் என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர்கள் நாம்.

ஆகையால் உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். கோயில் நிர்வாகங்களில் இருக்கும் பெரியவர்களே, அடுத்த திருப்பணியில் கோபுரத்து வர்ணத்துக்கு முன்பாக ஒரு சாய்தளத்துக்குத் தொகை ஒதுக்குங்கள். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தாரே, ஆண்டுதோறும் நீங்கள் நடத்தும் குடும்ப தினத்துக்கு, சக்கர நாற்காலியில் வருபவரும் வந்துபோகக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அவர்களையே முதலில் அழைத்துச் சென்று இடத்தைக் காட்டி அபிப்பிராயம் கேளுங்கள். மலையேறும் இளைஞர்களே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வேகத்துக்கு அல்லாமல் துணைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாமானில், உங்கள் பழைய தோட்டத்தில், ராணுவத்திலோ போலீசிலோ இருந்து காயத்தோடு திரும்பி வந்த முதியவர் இருந்தால், அவரிடம் போய் உட்கார்ந்து, அவர் பேசும்போது பேசவிட்டுக் கேளுங்கள். தூக்கமின்மையோ குடியோ அவரை வருத்துமானால், பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரைப் பரிகாசமாகச் சொல்வதை உங்கள் வீட்டில் இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்களுக்கே மனம் தாளாத பாரம் இருந்தால், சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்குத் தயங்காமல் அழையுங்கள். மனம் துவண்டவர்களுக்குச் செவிகொடுக்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் ஈப்போவிலும் இருக்கிறார்கள். வெளியே வருவதற்கு ஒருவருக்கு வழியும் துணையும் கொடுப்பது தானமன்று, அவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன். அந்தக் கடனை இந்த ஆண்டே தீர்க்கத் தொடங்குவோம்.